அமெரிக்கக் குடியுரிமையும் ராணுவச் சீருடையும்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்து பல வருடம் ஆனவர்களுக்கும் ஒரு விஷயம் புதிராகவே இருக்கும். அரசாங்கத்தை நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர், விமான நிலையத்தில் சீருடைப் பையன் ஒருவனைக் கண்டதும் எழுந்து போய்க் கை கொடுக்கிறார். பள்ளியில் பிள்ளைகள் தினமும் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், கொடியை எரிப்பதும் பேச்சுரிமைதான் என்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் குழப்பம் இன்னும் கூடும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. வரலாறு, வழக்கம், அப்புறம் கொஞ்சம் என் கருத்து.

மெமோரியல் டே, வெட்டரன்ஸ் டே இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே, பணியில் உயிர்விட்டவர்களுக்கு உரியது. நவம்பர் 11 அன்று வரும் வெட்டரன்ஸ் டே, படையில் பணியாற்றிய எல்லோருக்கும், குறிப்பாக இன்று நம்மிடையே இருப்பவர்களுக்கு. இப்போது பணியில் இருப்பவர்களுக்கென்று மே மூன்றாம் சனிக்கிழமையில் ஆர்ம்டு ஃபோர்சஸ் டே என்று ஒன்றும் உண்டு. படைத்தளங்களுக்கு வெளியே அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

மகனைப் பறிகொடுத்த வீட்டில் போய் "ஹேப்பி மெமோரியல் டே" என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். முன்னாள் வீரர்களில் பலரும், அன்றைக்கு நன்றி சொன்னால், இது திரும்பி வராதவர்களின் நாள் என்று தாங்களே திருத்திவிடுவார்கள்.

மெமோரியல் டேயின் வேர், வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1868 மே 30 அன்று போர்வீரர் கல்லறைகளுக்கெல்லாம் பூ வைக்க வேண்டும் என்று ஜெனரல் ஜான் லோகன் உத்தரவு போட்டார். முதலில் செய்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்கள் பல. 1966ல் அரசாங்கம் அந்தப் பெருமையை நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூவுக்குக் கொடுத்தது. என்னைக் கேட்டால், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கதைக்கு உள்ள கனம் மற்றவற்றுக்கு இல்லை. அங்கே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தைத் தென் மாநிலப் படை சிறைமுகாமாக வைத்திருந்தது. அதில் இறந்த 257 வடபடை வீரர்களை ஏனோதானோவென்று குழியில் தள்ளி மூடியிருந்தார்கள். ஊர் விடுதலையானதும் கறுப்பின மக்கள் அந்த உடல்களைத் தோண்டியெடுத்து, தனித்தனியாக அடக்கம் செய்து, சுற்றி வேலி கட்டினார்கள். 1865 மே 1 அன்று ஏறத்தாழ 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், கை நிறைய ரோஜா. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்திருத்தம் அப்போது இன்னும் நிறைவேறி முடியவில்லை. அந்த மக்கள் குடிமக்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வெட்டரன்ஸ் டே, முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்ததை நினைவுகூரும் நாளாகத் தொடங்கியது. 1954ல் அதிபர் ஐசனோவர் காலத்தில் எல்லாப் போர்களின் வீரர்களுக்கும் பொதுவாக்கிப் பெயர் மாற்றினார்கள். நீண்ட வார இறுதி வேண்டும் என்று 1971ல் அதை அக்டோபர் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் பார்த்தார்கள். மக்கள் ஏற்கவில்லை. 1978ல் பழைய தேதிக்கே திரும்பிவிட்டது.

மெமோரியல் டே அன்று பார்பெக்யூ போடுவது தப்பா?

தப்பில்லை, வீரர் குடும்பங்களும் போடுகிறார்கள். கொடி நண்பகல் வரை அரைக்கம்பத்தில் பறக்கும், பிறகு முழுக்கம்பத்துக்கு ஏறும். பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிட மௌனம் என்று ஒரு வழக்கம் உண்டு. அதைக் கடைப்பிடித்தால் நல்லது.

"தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்" என்று சொல்லியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. சொன்னால் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். சிலருக்குக் கூச்சமாக இருக்கும், சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களை நாடு சரியாக வரவேற்கவில்லை என்ற மனக்குறை பின்னாளில் பலரை உறுத்தியது. 1973ல் கட்டாய ராணுவச் சேவை நின்றுபோனது. அதன் பிறகு விருப்பப்பட்டுச் சேர்பவர்கள் மட்டும்தான். இன்று முழுநேரப் பணியில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் பலர் ராணுவக் குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். மீதிப் பேருக்குப் போர் என்பது தொலைக்காட்சியில் பார்ப்பது. அந்த இடைவெளியை மூன்று நொடியில் தாண்டிவிடும் வழியாக இந்த நன்றி ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அக்கம்பக்கத்தில் ஒருவர் படையில் இருந்தவர் என்று தெரிந்தால், எந்தப் பிரிவில் இருந்தீர்கள், எங்கெல்லாம் போஸ்டிங் என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும். யாரையாவது சுட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அவர்கள்தான் கேட்பார்கள்.

அமெரிக்கர் என்றால் யார்? இங்கே பிறந்தவரா, சத்தியம் எடுத்தவரா, சீருடை போட்டவரா?

சட்டப்படி முதல் இரண்டில் ஏதாவது ஒன்று போதும். 1868ல் வந்த 14வது திருத்தம், இந்த மண்ணில் பிறந்தவரும் முறைப்படி குடியுரிமை பெற்றவரும் குடிமக்கள் என்கிறது. சீருடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நடைமுறையில், "நீ எங்களில் ஒருவன் இல்லை" என்று ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு கூட்டமும் சீருடையைக் காட்டித்தான் கதவைத் தட்டியிருக்கிறது. கதவு சில நேரம் திறந்தது, சில நேரம் முகத்தில் அறைந்தது.

அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் இதை 1863லேயே வெளிப்படையாகப் பேசினார். கறுப்பின மனிதன் பித்தளை எழுத்துப் பதித்த சீருடையும் தோளில் துப்பாக்கியுமாக நின்றுவிட்டால், அவன் குடியுரிமையைச் சம்பாதித்துவிட்டான் என்பதை உலகில் எந்தச் சக்தியும் மறுக்க முடியாது என்றார். சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடபடையில் சேர்ந்தார்கள். குடியுரிமை வந்தது. அந்த உரிமையைத் தெற்கில் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் வேலையும் கூடவே வந்தது. செவ்விந்தியர்களில் சுமார் 12,000 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள். அவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924ல்தான் வந்தது.

நமக்கு நெருக்கமான கதை பகத் சிங் திண்ட் உடையது. பஞ்சாபிலிருந்து 1913ல் வந்தவர். 1918ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, தலைப்பாகையோடு வாஷிங்டன் மாநிலத்து கேம்ப் லூயிஸில் பணியாற்றினார். அந்த டிசம்பரில் ராணுவச் சீருடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் அதைப் பறித்தார்கள், வெள்ளையர் இல்லை என்று. 1790லிருந்தே வெள்ளையருக்கு மட்டும்தான் குடியுரிமை என்று சட்டம் இருந்தது, பின்னாளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்திருந்தார்கள். 1920ல் ஒரேகானில் திண்டுக்கு மறுபடி கிடைத்தது. அரசாங்கம் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அங்கே நடந்ததைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சில மாதங்களுக்கு முன்புதான் ஓசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் அதே நீதிமன்றம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், நீங்கள் அந்த இனமில்லை என்று தள்ளிவிட்டிருந்தது. சரி, அன்றைய இன நூல்களின்படி நான் காக்கேசியன்தானே என்று திண்ட் தரப்பு வாதிட்டது. 1923 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, நூல்கள் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அதுதான் கணக்கு என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாண்ட். திண்ட் மட்டுமில்லை, முன்பு குடியுரிமை வாங்கியிருந்த வேறு பல இந்தியர்களும் அதை இழந்தார்கள்.

1935ல், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசியர்களுக்குக் குடியுரிமை தரலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன் கீழ் திண்ட் 1936ல் மூன்றாவது முறையாக அமெரிக்கக் குடிமகன் ஆனார். முதல் தடவை பறித்தபோது எந்தச் சேவை கணக்கில் வரவில்லையோ, அதே சேவைதான் கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது. சீருடை போடாத மற்ற இந்தியர்கள் 1946 வரை காத்திருந்தார்கள்.

கிரீன் கார்டு உள்ளவர் ராணுவத்தில் சேர்ந்தால் சீக்கிரம் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்கும். சாதாரண வழியில் பொதுவாக ஐந்து வருடக் காத்திருப்பு. அமைதிக் காலத்தில் ஒரு வருட நற்சேவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். போர்க்காலம் என்று அதிபர் அறிவித்த காலமாக இருந்தால் அந்த ஒரு வருடமும் தேவையில்லை. 2001 செப்டம்பர் 11லிருந்து தொடங்கும் காலத்தை அதிபர் புஷ் 2002ல் அப்படி அறிவித்தார். விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. ஆனால் இப்படிக் குடியுரிமை வாங்கியவர், மொத்தம் ஐந்து வருட நற்சேவை முடிவதற்குள் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டால் அதை இழக்கவும் நேரலாம்.

எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. ஒரு காலத்தில் முடிந்தது. 2009ல் மாவ்னி என்ற திட்டம் வந்தது. ராணுவத்துக்குத் தேவைப்படும் மொழி தெரிந்தவர்களும் மருத்துவத் துறையினரும் கிரீன் கார்டு இல்லாமலே சேரலாம், நேராகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நம் மாணவர்கள் மத்தியில் அப்போது இது பெரிய பேச்சு. பாதுகாப்புச் சோதனைகளைக் கடுமையாக்கி, 2016ல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு அழைப்பு வராமல், விசாவும் முடிந்து, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். இணையத்தில் இன்னும் பழைய பக்கங்கள் கிடக்கின்றன, நம்பி இறங்காதீர்கள்.

குடியுரிமை உறுதிமொழியில் ஆயுதம் ஏந்துவேன் என்று வருகிறதே?

ஆமாம், சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி இருக்கிறது. மத நம்பிக்கை காரணமாக அதைச் சொல்ல முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். 1946ல் ஜிரார்டு என்ற கனடாக்காரரின் வழக்கில், கொல்ல மாட்டேன் என்பவரும் நல்ல குடிமகனாக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அகிம்சையில் ஊறிய குடும்பங்களிலிருந்து வருபவர்கள் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

இதற்கு டெஸ்மண்ட் டாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லி மருத்துவ உதவியாளராகப் படைக்குப் போனவர். 1945ல் ஓகினாவாவில், ஒரு செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து சுமார் 75 காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். நாட்டின் மிக உயர்ந்த படை விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது.

என் மகனுக்கு 18 ஆகப்போகிறது. ஏதோ பதிவு செய்ய வேண்டும் என்கிறார்களே?

செலக்டிவ் சர்வீஸ் பதிவு. கட்டாய ராணுவச் சேவை இப்போது இல்லை, தேவைப்பட்டால் அழைப்பதற்கான பட்டியல் மட்டும் உண்டு. 18 முதல் 25 வயது வரையான ஆண்கள், குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும், அதில் இருக்க வேண்டும். முறையான எஃப்1, எச்4 விசாவில் இருப்பவர்களுக்கு வேண்டாம். விட்டுவிட்டால் பின்னாளில் குடியுரிமை நேர்காணலில் கேள்வி வரும்.

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காவிட்டால் வீரர்களை அவமதித்ததாகுமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943லேயே, பள்ளிப் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடியை எரிப்பது பற்றிய தீர்ப்பு 1989ல் வந்தது. நம் பிள்ளைகள் உறுதிமொழி சொல்லலாம், சொல்லாமல் அமைதியாகவும் இருக்கலாம். இந்தியக் குடிமக்களாக இருக்கும் பெற்றோர் கீதம் ஒலிக்கும்போது மரியாதைக்கு எழுந்து நின்றால் போதும், நெஞ்சில் கை வைக்கத் தேவையில்லை.

2016ல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக் விவகாரம் வெடித்தபோது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து அவர் கீதம் ஒலிக்கும்போது முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். நேட் பாயர் என்ற முன்னாள் சிறப்புப்படை வீரர் அவருக்குத் திறந்த கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்தார்கள். உட்காராதே, மண்டியிடு, இறந்த தோழனின் கல்லறை முன் நாங்கள் அப்படித்தான் மண்டியிடுவோம் என்று பாயர் சொன்ன யோசனைதான் பிறகு நாட்டையே இரண்டாக்கியது. வீரர்களை அவமதித்த செயல் என்று திட்டு வாங்கிய அந்த மண்டியிடலைச் சொல்லிக்கொடுத்ததே ஒரு வீரர்.

போரை எதிர்ப்பவர் வீரர்களை மதிக்க முடியுமா?

வாஷிங்டன் டிசியில் வியட்நாம் நினைவுச் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் வடிவமைப்புக்கு 1,400க்கும் மேற்பட்ட போட்டியாளர்கள். தேர்வானவர் மாயா லின், 21 வயது மாணவி, சீனாவிலிருந்து வந்த பெற்றோருக்கு ஓஹையோவில் பிறந்தவர். சிலை இல்லை, குதிரை இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. தரைக்குள் இறங்கும் கறுப்புக் கல், அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அவமானச் சின்னம் என்றார்கள். சமாதானத்துக்குப் பக்கத்தில் மூன்று வீரர்களின் சிலையும் வைத்தார்கள். இன்று கூட்டம் சுவரின் முன்னால்தான்.

பெயர்கள் அகர வரிசையில் இல்லை, பலியான நாள் வரிசையில் இருக்கின்றன. ஆகவே ஒரே சண்டையில் போனவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இறந்தவர் பெயர் அருகே ஒரு சிறு வைரக்குறி, காணாமல் போனவர் பெயர் அருகே சிலுவைக்குறி. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடிதம், பழைய பூட்ஸ், பீர் கேன் எல்லாம் சுவரடியில் விட்டுப் போகிறார்கள். அந்தப் போர் நியாயமா என்று சுவர் எதுவும் சொல்லவில்லை.

ஆர்லிங்டன் போனால் என்ன பார்க்கலாம்?

வாஷிங்டனிலிருந்து ஆற்றுக்கு அக்கரை. உள்நாட்டுப் போரில் தென்படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஈ. லீயின் குடும்பத் தோட்டம் அது. வடக்கு அதைப் பிடித்து 1864ல் அவர் வீட்டு வாசலைச் சுற்றிலும் பிணங்களைப் புதைக்கத் தொடங்கியது. அந்தக் குடும்பம் திரும்பிவந்து வாழவே முடியாமல் போனது. இன்று அங்கே 4 லட்சம் பேருக்கு மேல் துயில்கிறார்கள்.

பெயர் தெரியாத வீரரின் கல்லறையில் காவலர் மாறுவதைத் தவறவிடாதீர்கள். 21 காலடி நடந்து, திரும்பி 21 நொடி நின்று, மறுபடி 21 காலடி. 1937லிருந்து இரவு பகல், மழை பனி எதற்கும் காவல் ஓய்ந்ததில்லை. அங்கே வியட்நாம் போருக்கென்று 1984ல் அடக்கம் செய்த உடலை 1998ல் வெளியே எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். மைக்கேல் பிளாசி என்ற விமானி என்று தெரிந்தது. குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த அறை இன்றும் காலி.

மெமோரியல் டேக்கு முந்தைய வியாழனில் ஓல்டு கார்டு படைப்பிரிவினர் முதுகுப்பையில் கொடிகளோடு இறங்குவார்கள். நடுகல்லுக்கு முன் பூட்ஸைப் பொருத்தி, ஒரு பாத நீளம் விட்டு ஒரு கொடி ஊன்றுவார்கள். அப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள், சில மணி நேரத்தில். கல்லின் மேல் சில்லறைக் காசு இருந்தால் எடுக்காதீர்கள், பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது.

ராணுவ விருந்து ஒன்றில் யாரும் உட்காராத சின்ன மேசை ஒன்றைப் பார்த்தோம். அது என்ன?

போரில் எதிரியிடம் பிடிபட்டவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் போட்ட மேசை. வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா, தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் உப்பும். கண்ணாடித் தம்ளர் கவிழ்ந்திருக்கும். கசப்பான விதிக்கு எலுமிச்சை, குடும்பத்தின் கண்ணீருக்கு உப்பு. நாற்காலியில் கைப்பையை வைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு மரியாதை செய்கிறார்கள், கவனித்துக்கொள்கிறார்களா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கைதட்டுவதில் அமெரிக்கா தாராளம், கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதில் அப்படிச் சொல்ல முடியாது.

1946 பிப்ரவரியில் ஐசக் வுட்டார்ட் என்ற கறுப்பின சார்ஜென்ட், படைப்பணியிலிருந்து விடுபட்ட அன்றே, சீருடையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் போலீஸ் அதிகாரி அடித்த அடியில் இரண்டு கண்ணும் போனது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அந்த அதிகாரியை விடுவித்தது. இந்தச் சம்பவம் அதிபர் ட்ரூமனை உலுக்கியது. படையில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அவரது ஆணை 1948 ஜூலையில் வந்தது. அதே 1946ல், அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பினோ வீரர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பலன்களைக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் வெட்டியது. 2009ல்தான் ஒரே தவணையாக, குடிமகனானவருக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000 டாலர் கொடுத்தார்கள். வாங்குவதற்குள் பெரும்பாலோர் போய்ச்சேர்ந்திருந்தார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2014ல் பீனிக்ஸ் நகர வெட்டரன்ஸ் மருத்துவமனையில் காத்திருப்புப் பட்டியலை மறைத்தது அம்பலமாகி, முன்னாள் வீரர் நலத்துறையின் அமைச்சரே பதவி விலகினார். ஈராக், ஆப்கானிஸ்தானில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்து நோயாளி ஆனவர்களுக்குச் சிகிச்சையை விரிவாக்கும் சட்டம் 2022ல்தான் நிறைவேறியது. கிரீன் கார்டோடு படையில் பணியாற்றி, குடியுரிமை மனு போடாமல் விட்டு, பிறகு ஒரு குற்ற வழக்கில் சிக்கி நாடு கடத்தப்பட்ட முன்னாள் வீரர்களும் இருக்கிறார்கள். மெக்சிகோவின் திஹுவானாவில் அவர்களுக்கென்று ஒரு புகலிடமே இயங்கியது. படையில் இருக்கும் உறவினர் யாராவது குடியுரிமை மனுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மகள் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்கிறாள். என்ன செய்வது?

முதலில் கத்தாமல் இருங்கள். 18 ஆகிவிட்டால் உங்கள் கையெழுத்து தேவையில்லை. 17 என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். குடியுரிமை இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. ரகசிய அனுமதி தேவைப்படும் வேலைகளும் கிடைக்காது. கல்லூரி முடித்துவிட்டு அதிகாரியாகப் போவது, கல்லூரியிலேயே ஆர்ஓடிசி என்ற அதிகாரிப் பயிற்சியில் சேர்வது, வெஸ்ட் பாயின்ட் போன்ற ராணுவ அகாடமி என்று வழிகள் வேறு வேறு. பொறுப்பும் சம்பளமும் அதற்கேற்ப மாறும். மூன்று வருடம் முழுநேரப் பணி செய்தால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் ஜிஐ பில் என்ற படிப்புதவித் திட்டம் ஏற்கும். இது நல்ல பலன்தான்.

ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அவளோடு கூடவே போங்கள். நான்கு வருடம் என்று அவர்கள் சொன்னாலும் மொத்தக் கடப்பாடு எட்டு வருடம், மீதிக் காலம், தேவைப்பட்டால் அழைக்கப்படும் ரிசர்வில் கழியும். வேலைப்பிரிவு, போனஸ், படிப்புச் சலுகை எல்லாம் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் பயிற்சிக்குக் கிளம்பும் வரை அவள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். முடியாது என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம்.